முதலில் நிதி, பிறகு பேச்சு: கேரளத்தின் மக்கள் திட்டம் மாற்றிய வரிசை

ஓர் ஊரோ ஓர் அமைப்போ தன் எதிர்காலத்தைத் தானே கூடிப் பேசித் திட்டமிட வேண்டும் என்பதை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. மறுப்பு நிபந்தனையின் வடிவில் வருகிறது. முதலில் மக்களுக்கு விழிப்புணர்வு வரட்டும், உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுப்போம், கணக்கு எழுதத் தெரிந்த ஊழியர்களை அமர்த்துவோம், அதன் பிறகு நிதியையும் அதிகாரத்தையும் ஒப்படைக்கலாம் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வரிசை, இந்தியாவின் ஊராட்சிகளைப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வைத்தது. பயிற்சி நடக்கும், கையேடு அச்சாகும், நிதி மட்டும் வராது. 1996இல் கேரளம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. திட்டமிடத் தெரியாதவர்கள் என்று கருதப்பட்டவர்களின் கையில் பணத்தை முதலில் கொடுத்து, திட்டமிடும் திறனை அதன் பிறகு வளர்த்துக்கொள்ளச் சொன்னது. மலையாளத்தில் ‘ஜனகீயாசூத்ரணம்’ என்று வழங்கும் அந்த மக்கள் திட்ட இயக்கத்தின் நிறைகுறைகள் குறித்து ஆய்வுகள் பல வந்துவிட்டன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. கூடித் திட்டமிடுதல் எங்கே பலிக்கிறது, எங்கே சடங்காகிறது என்பதைக் கூட்டத்துக்கு வந்தவர்களின் படிப்பும் ஆர்வமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. பேசி முடித்ததைச் செய்வதற்கான பணம், பேசத் தொடங்கும் முன்பே அவர்கள் பெயரில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பேச்சை ஒழுங்குபடுத்தும் முறைகளுக்குப் பெரும் முக்கியத்துவம் உண்டு. ஆனால் அவை இரண்டாவதாக வருபவை.

கேரளத்தில் அதிகாரப் பரவல் பற்றிய பேச்சு 1996இல் முளைத்ததன்று. 1957இல் அமைந்த முதல் அமைச்சரவையின் காலத்திலேயே, முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் நிர்வாகச் சீர்திருத்தக் குழு ஒன்று அமர்ந்து, உள்ளாட்சிகளுக்கு உண்மையான பொறுப்பு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1959இல் அந்த அரசு கலைக்கப்பட்டது. பிறகு வந்த மசோதாக்கள் பல நிறைவேறாமலே காலாவதியாயின. 1991இல் மாவட்டக் கவுன்சில்களுக்குத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் அவற்றின் அதிகாரம் சுருங்கியது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததையொட்டி 1994இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் வந்தது. இந்த நாற்பது ஆண்டுகளில் கேரளம் எழுத்தறிவிலும் பத்திரிகை வாசிப்பிலும் சங்கங்களின் பலத்திலும் இந்தியாவின் முன்னணியில் இருந்தது. 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு மாநிலமாகவே அறிவிக்கப்பட்டது. இருந்தும் பெரும்பாலான ஊராட்சிகள் தெருவிளக்கையும் மண் சாலையையும் தாண்டிப் பெரிதாக எதையும் திட்டமிடவில்லை.

எழுத்தறிவு இயக்கத்தில் முன்நின்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், ஊராட்சிகளின் நிலம், நீர், மண் வளத்தை உள்ளூர் மக்களைக் கொண்டே வரைபடமாக்கும் முயற்சியை எண்பதுகளின் இறுதியில் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து தொடங்கியது. கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி ஊராட்சியில் அது வரைபடத்தோடு நிற்காமல், உள்ளூர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆர்வலர்கள் இருந்தார்கள், முறை இருந்தது, அறிவியலாளர்களின் துணையும் இருந்தது. எனினும் அந்த முயற்சி ஒரு சில ஊராட்சிகளைத் தாண்டிப் பரவவில்லை. தாங்கள் வரைந்த படத்தை வைத்து ஓடையைத் தூர்வார வேண்டுமென்றால், துறை அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டிய நிலையில்தான் மக்கள் இருந்தார்கள். 1996க்குப் பிறகு மாநிலம் முழுவதும் பரவிய முறைகளில் கணிசமானவை கல்யாசேரி போன்ற இடங்களில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டவை. இடையில் பெரிதாக மாறியது நிதி ஏற்பாடு.

அந்த மாற்றத்தின் அளவைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். 1996 மே மாதம் ஆட்சிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி அரசு, ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குத் தருவதென முடிவெடுத்தது. 1997-98 நிதியாண்டில் அது ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கு முன் நிபந்தனையின்றிக் கிடைத்த தொகை இதனோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. மாநிலத் திட்ட வாரியத்தின் துணைத் தலைவராகப் பொருளியலறிஞர் ஐ.எஸ். குலாட்டி இருந்தார்; அதன் உறுப்பினராக இருந்து இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் தாமஸ் ஐசக்; உயர்மட்ட வழிகாட்டுக் குழுவுக்கு இ.எம்.எஸ். தலைமை தாங்கினார். மலையாள ஆண்டுப் பிறப்பான சிங்ஙம் முதல் நாள், 1996 ஆகஸ்ட் 17 அன்று இயக்கம் தொடங்கியது. ஊராட்சிகளில் அப்போது பொறியாளர் இல்லை, கணக்காளர் போதவில்லை, எந்தத் துறை ஊழியர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாகவில்லை. சட்டத் திருத்தங்கள்கூட முடிந்திருக்கவில்லை. அதிகாரப் பரவலை ஆராய்ந்த சத்யவிரத சென் குழுவின் பரிந்துரைப்படி அவை 1999இல்தான் வந்தன. இத்தனையையும் சரிசெய்துவிட்டுத் தொடங்கலாம் என்று இருந்திருந்தால் அடுத்த தேர்தல் வந்திருக்கும். பணம் வருகிறது என்ற செய்தி முந்திக்கொண்டதால், ஆட்களையும் விதிகளையும் பயிற்சியையும் அதன் பின்னே ஓடிவந்து சேரவைக்கும் அவசரம் பிறந்தது.

பேச்சு நடந்த விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1996 ஆகஸ்டு இறுதியிலிருந்து சில மாதங்களுக்குள் மாநிலத்தின் 990 கிராம ஊராட்சிகளிலும் வார்டு வாரியாகக் கிராம சபைகள் கூடின. நகராட்சிகளில் வார்டு மாநாடுகள் நடந்தன. ஏறத்தாழ 20 லட்சம் பேர் அவற்றில் கலந்துகொண்டார்கள். சபையின் தொடக்கத்தில் ஒரு பொது அமர்வு. அது முடிந்ததும் கூட்டம் கலைந்து வேளாண்மை, குடிநீர், கல்வி, சுகாதாரம், பெண்கள் நலம், பட்டியல் சாதியினர் நலம் என்று துறைவாரிக் குழுக்களாக உட்காரும். ஒவ்வொரு குழுவிலும் பேச்சை நெறிப்படுத்தப் பயிற்சி பெற்ற ஒருவரும் குறிப்பெடுக்க ஒருவரும் இருப்பார்கள். என்ன வேண்டும் என்பதோடு கேள்வி முடியாது. ஏன் இந்தக் குறை நீடிக்கிறது, முன்பு என்ன செய்து பார்த்தோம், உள்ளூரில் இதற்கு என்ன வளம் இருக்கிறது என்றும் பேச வேண்டும். கடைசியில் குழுக்களின் அறிக்கை மீண்டும் பொது அமர்வுக்கு வரும். இப்படிச் சேர்ந்த கருத்துகளை, அலுவலகக் கோப்புகளிலும் களத்திலும் திரட்டிய புள்ளிவிவரங்களோடு சேர்த்து, ஒவ்வோர் ஊராட்சியும் தன் வரலாறு, வளம், சிக்கல்கள் அடங்கிய வளர்ச்சி அறிக்கையைப் புத்தகமாக அச்சிட்டது. அந்தப் புத்தகத்தை முன்வைத்து, கிராம சபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகளும் அலுவலர்களும் துறை அறிந்தவர்களும் வளர்ச்சிக் கருத்தரங்கில் கூடினார்கள். அடுத்து பணிக்குழுக்கள் அமைந்து, கருத்துகளைச் செலவு, காலம், பொறுப்பு, எதிர்பார்க்கும் பலன் என்று எழுதப்பட்ட திட்டங்களாக மாற்றின. ஊராட்சி மன்றம் அவற்றில் தேர்ந்தெடுத்து நிதி ஒதுக்கியது. அதன் பிறகு ஒன்றியமும் மாவட்டமும் தங்கள் திட்டத்தை இவற்றோடு பொருத்தின.

இந்தப் படிநிலைகளை வெறும் நிர்வாக நுணுக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே இடத்தில் பலர் கூடிப் பேசினால் நல்ல முடிவு தானாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையைக் குழு உளவியல் ஆய்வுகள் பல காலமாகக் கேள்விக்குள்ளாக்கி வந்திருக்கின்றன. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகியோர் நடத்திய சோதனையில், கூடி அமர்ந்து யோசனை சொன்ன குழுக்களைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே யோசித்து எழுதியவற்றைத் தொகுத்தபோது கூடுதல் யோசனைகள் கிடைத்தன. 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் இருவரும் வேறொரு பலவீனத்தைக் காட்டினார்கள். குழுவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த முக்கியமான தகவல் மேடைக்கே வராமல் போகிறது. ஊர்க் கூட்டத்தில் இந்த இரண்டு பலவீனங்களோடு மூன்றாவதாகச் சாதியும் சொத்தும் ஆண் என்ற தகுதியும் சேர்ந்துகொள்கின்றன. கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றும் என்பது தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்குத் தெரியும். பெருங்கூட்டத்தில் அவர் எழுந்து அதைச் சொல்லமாட்டார். சிறு குழுவும், கேட்டு வாங்கும் நெறியாளரும், எழுதி வைக்கும் குறிப்பும் அந்தத் தகவலைச் சபைக்குக் கொண்டுவருவதற்கான கருவிகள். கேரளத்தின் முறை இவற்றைச் சரியாகவே அமைத்தது.

ஆனால் இந்தக் கருவிகள் ஏன் அங்கே உயிரோடு இயங்கின என்று கேட்டால், பணத்துக்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. குறிப்பெடுத்தவருக்குத் தெரியும், அந்தக் காகிதம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய்ச் சேரும் என்று. ஊராட்சித் தலைவருக்கும் தெரியும், எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று. ‘மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்’ என்ற விடை செல்லாத இடத்தில்தான் முன்னுரிமை பற்றிய உண்மையான வாக்குவாதம் தொடங்குகிறது. தொகை தெரியாதவரை எல்லாக் கோரிக்கைக்கும் இடமுண்டு. எவருடைய கோரிக்கையும் இன்னொருவருடையதோடு மோதுவதில்லை. இத்தனை லட்சம்தான், இதற்குள் என்ன செய்யலாம் என்று ஆனதும் ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டிவருகிறது. திட்டமிடுதல் என்பது அந்த விடுதலில்தான் இருக்கிறது.

மக்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்ற வாதம் முழுக்கப் பொய்யும் அன்று. முதல் ஆண்டில் பணிக்குழுக்கள் எழுதிய திட்டங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. அவற்றில் மிகப் பலவற்றில் மதிப்பீடு தவறாக இருந்தது, அளவு பொருந்தவில்லை, நிதி எங்கிருந்து வரும் என்பது தெளிவாக இல்லை. இயக்கத்தை நடத்தியவர்கள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. திட்டங்களைத் திருப்பி அனுப்பித் துறைகளிடம் பொறுப்பை மீண்டும் கொடுப்பது ஒரு வழி. அவர்கள் வேறு வழி கண்டார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர்கள், வேளாண் அலுவலர்கள், மருத்துவர்கள், கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோரிலிருந்து ஆயிரக்கணக்கானோரைத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுவாகத் திரட்டினார்கள். ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும் உரிமை இக்குழுவுக்கு இல்லை. எழுதியவர்களோடு உட்கார்ந்து பிழையைத் திருத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். முன்னுரிமையை ஊர் முடிவு செய்யும்; கலவை விகிதத்தைப் பொறியாளர் சொல்வார். நிபுணத்துவத்தை இப்படி ஊரின் பக்கத்தில் உட்கார வைத்த ஏற்பாடு, அந்த இயக்கத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். பயிற்சியை முதலில் முடித்திருந்தால் இந்தத் தேவை இருப்பதே தெரியாமல் போயிருக்கும். எந்தத் திறன் குறைகிறது என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

நிதி கொடுத்ததோடு அரசு சில வரம்புகளையும் வைத்தது. கிராம ஊராட்சிகள் உற்பத்தித் துறைக்குக் குறைந்தது 40 விழுக்காடு ஒதுக்க வேண்டும். சாலை, கட்டடம் போன்றவற்றுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பெண்களுக்கான திட்டக் கூறுக்கு 10 விழுக்காடு வேண்டும். கையில் கொடுத்துவிட்டு இப்படிச் செலவிடு என்பது தன்னாட்சிக்கு முரணல்லவா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதில் உண்மை உண்டு. ஆனால் வரம்பில்லாத இடத்தில் பணம் எங்கே போகும் என்பது உள்ளாட்சிகளைக் கவனிக்கும் எவருக்கும் தெரிந்ததே: சாலைக்குப் போகும். சாலை கண்ணுக்குத் தெரியும், ஒப்பந்ததாரருக்கு லாபம் தரும், எல்லோரையும் ஓரளவு திருப்தி செய்யும். பெண்கள் திட்டத்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. முதல் ஆண்டு 10 விழுக்காடு என்பது வேண்டுகோள் அளவில் இருந்தபோது மாநில அளவில் அது எட்டப்படவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து கட்டாயம் என்றானதும் ஒதுக்கீடு உயர்ந்தது. எந்தத் துறைக்கு எவ்வளவு என்று பருமட்டாக எல்லை வகுப்பது வேறு. எந்த ஊரில் எந்தக் குளம் என்பதையும் தலைநகரில் முடிவு செய்வது வேறு. கேரளம் முதல்வகையில் நின்றது.

பலன் என்ன? பேட்ரிக் ஹெல்லர், கே.என். ஹரிலால், சுபம் சௌதுரி மூவரும் 72 ஊராட்சிகளில் நடத்திய கள ஆய்வு 2007இல் வெளிவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எதிர்க்கட்சியினர், அலுவலர்கள், சமூகச் செயல்பாட்டாளர்கள் எனப் பல தரப்பையும் அவர்கள் கேட்டார்கள். வீடு, கழிப்பறை, குடிநீர், அங்கன்வாடி போன்றவற்றில் முன்னேற்றம் தெளிவாக இருந்தது என்றும், ஏழைகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பயன் சென்றடைவது கூடியது என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்களும் அப்படிச் சொன்னது குறிப்பிடத்தக்கது. கிராம சபைக்கு வந்தவர்களில் பெண்களின் பங்கு முதல் சுற்றில் மூன்றில் ஒன்றை எட்டவில்லை. அடுத்த ஆண்டில் கணிசமாக உயர்ந்தது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தின் கதையும் இதே திசையைக் காட்டுகிறது. 1989இல் தொழிலாளர் கட்சி நகராட்சியைப் பிடித்தபோது, நகரின் வரவுசெலவுத் திட்டத்தைப் பகுதிக் கூட்டங்களில் மக்களே வகுப்பது என்ற முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் நகராட்சியின் வருவாயில் மிகப் பெரும்பகுதி ஊதியத்துக்கே போனது. மக்கள் முடிவு செய்த வேலைகள் நடக்கவில்லை, கூட்டத்துக்கு வந்தவர்களும் சோர்ந்தார்கள். வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கையில் பணம் சேர்ந்து, சொன்ன தெருவில் சாக்கடைக் குழாய் பதிக்கப்பட்டதைக் கண்ட பின்புதான் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. அங்கே கேரளத்தின் நூலக இயக்கம் இல்லை. கூட்டங்களுக்கு வந்தவர்களில் ஏழைகளே அதிகம். முடிவுக்கும் செயலுக்கும் இடையிலான தூரம் குறைந்தபோது அவர்கள் வந்தார்கள். பிற்காலத்தில் ஆட்சி மாறி நிதி ஒதுக்கீடு நலிந்தபோது அந்த முறையும் நலிந்தது.

இதற்கு எதிரான வாதங்களில் கனமானது கட்சி ஆதிக்கம் பற்றியது. மக்கள் திட்டம் என்ற பெயரில் ஆளும் முன்னணி தன் ஆதரவாளர்களை ஊராட்சிகளில் வேரூன்றச் செய்தது, பயனாளிகள் பட்டியல் கட்சி அலுவலகத்தில் தயாரானது என்ற குற்றச்சாட்டு தொடக்கம் முதல் உண்டு. பல இடங்களில் அது நடந்தது என்பதை இயக்கத்துக்கு நெருக்கமானவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும், மதிப்பெண் அடிப்படையை எழுதி ஒட்ட வேண்டும், செலவுக் கணக்கை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்ற விதிகள் வந்த பிறகு, தவறு செய்வதற்கும் ஒரு விலை வந்தது. இதைவிட வலுவான பதில் 2001இல் கிடைத்தது. ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு வந்து, இயக்கத்தின் பெயரைக் கேரள வளர்ச்சித் திட்டம் என்று மாற்றியது, நடைமுறைகளைத் திருத்தியது, இயக்கத்தின் தன்னார்வ வேகத்தையும் குறைத்தது. ஊராட்சிகளுக்கான திட்ட நிதியை மட்டும் அதனால் நிறுத்த முடியவில்லை. அதன் சொந்த ஊராட்சித் தலைவர்களே அதற்கு இடம் தந்திருக்கமாட்டார்கள். வெறும் கலந்தாலோசனையாக இருந்திருந்தால் அது ஆட்சியோடு போயிருக்கும். 1991இன் மாவட்டக் கவுன்சில்களுக்கு நேர்ந்தது இந்த முறை நேராததற்குக் காரணம், எல்லாக் கட்சிக்காரர்களும் அதில் பங்குதாரர்களாகிவிட்டதே.

இரண்டாவது குறையை நான் இத்தனை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. உற்பத்தித் துறையில் மக்கள் திட்டம் பெரிதாகச் சாதிக்கவில்லை. நெல் விளையும் நிலம் சுருங்கிக்கொண்டே போனது. வேளாண்மைக்கு ஒதுக்கிய தொகை தென்னங்கன்றாகவும் உர மானியமாகவும் ஆட்டுக்குட்டியாகவும் வீடு வீடாகப் பிரிந்தது. காரணம் கூடிப் பேசும் முறையின் உள்ளேயே இருக்கிறது. வார்டு வாரியாகப் பேசினால் வார்டு வாரியாகப் பங்கு கேட்கும் பழக்கம் வரும்; உறுப்பினர்களும் தொகையைச் சமமாகப் பிரித்துக்கொள்வதையே சண்டையில்லாத வழியாகக் காண்பார்கள். ஆனால் நீர் வார்டு எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சீர்செய்ய மூன்று ஊராட்சிகள் சேர வேண்டும்; விளைபொருளை விற்க மாவட்டத்தையும் தாண்ட வேண்டும். ஒன்றியமும் மாவட்டமும் இதைச் செய்யும் என்று திட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும், கிராம ஊராட்சிகள் முடித்த பிறகே அவை தொடங்கியதால் ஒருங்கிணைப்பு பெயரளவில் நின்றது. எனவே முதலில் நிதி என்ற என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. எந்த அளவிலான சிக்கலோ அந்த அளவில் நிதியும் பேச்சும் அமைய வேண்டும். வார்டுக்குக் கொடுத்த பணம் வார்டளவில் தீரும் சிக்கலைத்தான் தீர்க்கும்.

பழங்குடிகளின் அனுபவம் இன்னும் வலி தருவது. வயநாடு, அட்டப்பாடி போன்ற பகுதிகளிலும் பெரும்பாலான ஊராட்சிகளில் அவர்கள் சிறுபான்மையினர். பழங்குடித் துணைத்திட்ட நிதியும் ஊராட்சி வழியே வந்தபோது, குடியேறிய பெரும்பான்மையின் சபையில் அவர்களின் குரல் எழவே இல்லை. சபை கூடுவதும் கை உயர்த்துவதும் எண்ணிக்கை பலத்துக்குச் சாதகமானவை. இதைச் சரிசெய்ய அவர்களின் குடியிருப்புகளில் தனியாக ‘ஊருக்கூட்டம்’ கூட்டி, அவர்களுக்கான திட்டங்களை அங்கேயே முடிவு செய்யும் ஏற்பாடு வந்தது. அதுவும் முழுமையாகப் பலிக்கவில்லை. நிலம் பறிபோனவர்களுக்குத் திட்டமிட அழைப்பு மட்டும் கொடுத்தால் என்ன பயன் என்ற அவர்களின் கேள்விக்கு எந்தக் கூட்ட முறையிலும் விடை கிடையாது. நிதி ஒப்படைப்பு நில உரிமையின் இடத்தை நிரப்பாது.

ஆண்டுகள் போகப் போக கிராம சபைகளில் கூட்டம் குறைந்ததும் உண்மை. நடுத்தர வர்க்கத்தினர் தொடக்கத்திலிருந்தே அதிகம் வரவில்லை. பின்னாளில் பயனாளியாகப் பெயர் சேர்க்க வேண்டியவர்கள் மட்டும் வரும் இடமாகப் பல சபைகள் மாறின. இந்தச் சோர்வை ஓரளவு தடுத்தது 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ. பத்து இருபது வீடுகளைச் சேர்ந்த பெண்களின் அயல்கூட்டங்கள், அவற்றின் மேலே வார்டு, ஊராட்சி அளவிலான அமைப்புகள் என்று அமைந்து, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வாரந்தோறும் கூட்டிவைத்தது. அங்கேயும் நடப்பது வெறும் பேச்சன்று. தங்கள் சேமிப்பு, தங்கள் கடன், தங்கள் தொழில் என்று கைக்குள் இருக்கும் பணத்தைப் பற்றிய முடிவுகள். அந்தப் பழக்கத்தோடு வரும் பெண்கள் கிராம சபையில் வேறு விதமாகப் பேசுகிறார்கள். 2010 முதல் கேரள உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது வேட்பாளர்கள் பலர் குடும்பஸ்ரீயிலிருந்து வந்தார்கள். 2020இல் பொது முடக்கம் வந்தபோது ஊராட்சிகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து சில நாட்களுக்குள் சமூகச் சமையற்கூடங்களை மாநிலம் முழுவதும் நடத்திக் காட்டின. உத்தரவு வந்ததும் யாரைக் கூப்பிடுவது, அரிசியை எங்கே வாங்குவது, படுக்கையில் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கால் நூற்றாண்டாகப் பணத்தைக் கையாண்டு பழகிய கைகள் அவை.

கேரளம் வேறு, நாம் வேறு என்ற வாதம் தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கிறது. அளவில் வேறுதான். கேரளத்தின் கிராம ஊராட்சி ஒன்றில் சராசரியாக இருபதாயிரம் பேருக்கும் மேல் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் 2011 கணக்கெடுப்புப்படி சராசரி மூவாயிரம் பேர். சிறிய ஊராட்சியில் ஊழியர் பலம் குறைவு, சொந்த வருவாயும் குறைவு. அதே நேரத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது எளிது. இங்கே ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. மக்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள். ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராம சபை உரையாடல்களை எழுத்தாக்கி, யார் பேசினார், எந்தப் பொருள் தொடர்ந்தது, அலுவலர் பொருத்தமாகப் பதில் சொன்னாரா என்று ஆராய்ந்தார்கள். பெண்கள் குறைவாகவே பேசுகிறார்கள். பேசினாலும் உரையாடலின் திசையை அவர்கள் தீர்மானிப்பதில்லை. அலுவலர்களின் பதிலும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பதில் கிடைப்பது கூடுகிறது. அவர்களின் இன்னோர் ஆய்வு, பெண்களுக்குப் பயிற்சியும் ஊக்கமும் அளித்த புதுவாழ்வுத் திட்டம் நடந்த ஊர்களைப் பற்றியது. அங்கே பெண்களின் வருகையும் பேச்சும் பேசும் நேரமும் கூடியிருந்தன. ஆனால் உரையாடலின் பொருளைத் தீர்மானிப்பதிலும் அலுவலரின் பதிலைப் பெறுவதிலும் முன்னேற்றம் இல்லை. பயிற்சியும் ஊக்கமும் குரலைத் தந்தன; அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தை அவை தரவில்லை. முடிவின் பிடி வேறிடத்தில் இருக்கும்வரை நன்றாகப் பேசக் கற்றவரும் கோரிக்கை வைப்பவராகவே நிற்பார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நாடு முழுவதும் இப்போது ‘கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்’ ஆண்டுதோறும் தயாராகிறது. 14ஆவது நிதிக்குழு 2015 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஊராட்சிகளுக்கென 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் பரிந்துரைத்ததை ஒட்டியே இந்த ஏற்பாடு வந்தது. 2018 முதல் அக்டோபர் 2 தொடங்கிச் சில மாதங்கள் இதற்கென மக்கள் திட்ட இயக்கம் என்ற பெயரிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பெயரும் வடிவமும் கேரளத்தை நினைவூட்டுபவை. ஆனால் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிவைத்துவிட்டது. எஞ்சியதில் ஊராட்சி முடிவு செய்யக்கூடியது எவ்வளவு என்பது சபை கூடும் நாளில் மக்களுக்குத் தெரிவதில்லை. பிற துறைத் திட்டங்களின் தொகை வேறு கணக்குகளில் வேறு அலுவலகங்களில் இருக்கிறது. படிவத்தை நிரப்பி இணையத்தில் ஏற்றிய பிறகும் ஊர் என்ன பெற்றது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி குறைவு. இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை இன்னொரு பயிற்சி முகாம் நடத்துவதன்று. அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மாதம் முன்பே, அடுத்த நிதியாண்டில் அந்த ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய தொகை இவ்வளவு என்று மாநில அரசு உறுதியாக எழுதிக் கொடுத்து, அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆண்டு நடுவில் அதைக் குறைப்பதில்லை என்ற வாக்கு அதோடு வர வேண்டும். நிதி நெருக்கடி காலங்களில் கேரள அரசே இந்த வாக்கைக் காப்பாற்றத் தடுமாறியிருக்கிறது. தவணைகள் தாமதமான ஆண்டுகளில் திட்டங்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின, சபைகளின் நம்பிக்கையும் குறைந்தது. அடுத்த அக்டோபரில் முந்தைய ஆண்டின் தொகை, எடுத்த முடிவு, நடந்த வேலை மூன்றையும் அதே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், சிறு குழுக்களாகப் பேசுவதா, யார் குறிப்பெடுப்பது, எந்தப் பொறியாளரை அழைப்பது என்ற கேள்விகளை ஊர்க்காரர்களே கேட்கத் தொடங்குவார்கள்.